சொல்லப்படாமற் போன ஓர் அறிவிப்பு

மய்யித்தை முன்னே வைத்து, வரிசைகள் சீராக நின்று, இமாம் தக்பீர் கட்டுவதற்குச் சற்று முன்னர், நம் நாட்டுப் பள்ளிவாசல்களில் ஓர் அறிவிப்புச் செய்யும் வழக்கம் உண்டு. இறந்தவரின் மைந்தரோ உடன்பிறந்தாரோ முன்வருவர். அவர்களுக்கு நா எழாதபோது இமாமே கூறுவார். இம்மனிதர் எவருக்கேனும் கடன் தரவேண்டியிருப்பின் இன்னாரிடம் வந்து தெரிவிக்கலாம், அதற்கு அவர் பொறுப்பு. இவரால் எவர் மனமேனும் புண்பட்டிருப்பின் அல்லாஹ்வுக்காகப் பொறுத்தருள வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். கூடியிருப்போரிற் பலர் அதனைக் காதில் வாங்குவதுகூட இல்லை; செருப்பை ஓரமாக வைத்துக்கொண்டும், வரிசையில் இடம் தேடிக்கொண்டும் நிற்பர். எனினும் ஒரு மனிதனின் உலகக் கணக்கை முடிப்பதற்காக ஊரார் முன்னிலையில் எழும் இறுதிக் குரல் அதுவேயாகும்.

2020, 2021 ஆகிய ஈராண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றினால் இறந்த நம்மவரிற் பலருக்கு அந்த அறிவிப்புச் செய்யப்படவில்லை. செய்வதற்கு வழியும் இருக்கவில்லை. மருத்துவமனையில் உறையிலிட்டு மூடப்பட்ட உடல் நேரே அடக்கத்தலத்துக்குச் சென்றது. குளிப்பாட்டுதலும் கபனிடுதலும்கூட நிர்ப்பந்த நிலையின் சலுகைப்படி சுருக்கப்பட்டன. காப்புடை அணிந்த நாலைந்து பேர் நின்று தொழுதனர், குழி மூடப்பட்டது. மைந்தன் வேறொரு மருத்துவமனையில் படுத்திருந்தான்; மனைவி பூட்டிய வீட்டினுள் தனித்திருந்தாள். யார் நின்று, யாரை நோக்கி, யாதென்று அறிவிப்பது?

பின்னர்க் கதவுகள் திறந்தன. நாம் திரும்பி வந்தோம். தொழிலும் வணிகமும், திருமணமும் விருந்தும் திரும்பி வந்தன. அந்த அறிவிப்பு மட்டும் இன்றளவும் செய்யப்படாமலே நிற்கின்றது. அதுபற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம்.

திரும்பி வந்த வழியைச் சற்றே நினைவுகூர்வது தகும்; மனிதன் விரைவில் மறப்பவன். 2020 மார்ச் 24 மாலையில் தமிழகத்தில் தடையுத்தரவு பிறந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. அவ்வாண்டு ரமளான் முழுவதும் தராவீஹ் வீடுகளுக்குள் நிகழ்ந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் கஞ்சி அண்டா ஏறவில்லை. அரசு அளித்த பச்சரிசி வீடு வீடாகப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மே 25 அன்று நோன்புப் பெருநாள். அதே நாளில்தான் அம்பத்தூர் தொழிற்பேட்டை, நாலில் ஒரு பங்கு ஆட்களுடன் மீண்டும் இயங்க அனுமதி பெற்றது. மொட்டை மாடியில் பிள்ளைகளோடு பெருநாள் தொழுகையை நிறைவேற்றிவிட்டுப் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு புறப்பட்டவர்கள் பாடியிலும் கொரட்டூரிலும் உண்டு. செப்டம்பர் 1-இல் பள்ளிவாசல்கள் திறந்தன. எட்டுத் திங்கள்கூட நிறையவில்லை. 2021 ஏப்ரல் 26-இல் மீண்டும் அடைபட்டன. மே 14, வெள்ளிக்கிழமை, பெருநாளும் ஜுமுஆவும் ஒருங்கே கூடிய அரிய நாள். அன்று அவ்விரண்டிற்கும் நம்மாற் கூட இயலவில்லை. அந்த மே திங்களில்தான் இறப்புச் செய்திகள் பாங்கினும் அதிகமாகக் காதில் விழுந்தன.

கோடை கழிந்து கதவுகள் திறந்தபின்னும், ஆகஸ்ட் முதல் வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாட்களும் பொதுமக்களின் வழிபாட்டுக்குத் தடை நீடித்தது. திங்களன்று ளுஹர் தொழலாம். வெள்ளியன்று ஜுமுஆ இல்லை. எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாக இடப்பட்ட விதியே அது, குறைகூற யாதுமில்லை. அக்டோபர் 14-இல் அத்தடையும் நீங்கிற்று. மறுநாள் வெள்ளிக்கிழமை, விஜயதசமியும் அன்றே. பாடியில் திருவலிதாயம் கோவிலுக்குச் செல்வோரும் பள்ளிவாசலுக்கு விரைவோரும் ஒரே சாலையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடந்தனர். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 17-இல், மக்காவின் புனித ஹரமிலும் இடைவெளிக் குறிகள் அகற்றப்பட்டுத் தோளோடு தோள் சேர்ந்து தொழுதனர். அடுத்த ஜனவரியில் மூன்று வாரம் போல் மற்றுமொரு சிறு தடை வந்து போயிற்று. 2022 மார்ச் 3 முதல் தமிழகத்தில் கட்டுப்பாடுகளிற் பெரும்பாலானவை விலகின. ஏப்ரல் 3-இல் பிறந்த ரமளானில் அண்டாக்கள் மீண்டும் அடுப்பேறின. கஞ்சியின் மணம் தெருமுனை வரை வந்தபோது கண் கலங்காதவர் யார்?

அம்மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசுவது நம் நோக்கமன்று. அன்றாட வாழ்வுக்கு மீளுதலை இஸ்லாம் இழிவாக எண்ணுவதில்லை. ஜுமுஆ அத்தியாயத்தில் ஒன்பதாம் வசனம் வணிகத்தை விட்டுவிட்டுத் தொழுகைக்கு விரையுமாறு பணிக்கின்றது. அடுத்த வசனமே, தொழுகை முடிந்ததும் பூமியிற் பரவிச் சென்று இறைவனின் அருட்கொடையைத் தேடுமாறு கூறுகின்றது. அழைத்தவனே அனுப்பியும் வைக்கின்றான். பாடி மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸனர்ஸ் என ஆலைகள் சூழ்ந்த ஊர் இது. வெள்ளியன்று சீருடையோடு வந்து, ஒளூச் செய்த ஈரம் காயுமுன் தொழுது, ஸலாம் கொடுத்ததும் ஷிப்டுக்கு ஓடுகின்ற தொழிலாளியைவிட அவ்விரு வசனங்களையும் நன்கு அறிந்தவர் எவர்?

ஆயின், பரவிச் செல்லுமுன் வரிசையைத் திரும்பிப் பார்க்கும் ஒரு நபிவழி உண்டு. மதீனாப் பள்ளியைப் பெருக்கித் துப்புரவு செய்துவந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் இருந்தார். சில நாட்களாக அவரைக் காணவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரைப்பற்றி விசாரித்தார்கள். இறந்துவிட்டார், இரவிலேயே அடக்கிவிட்டோம் என்றனர் தோழர்கள். எனக்கேன் தெரிவிக்கவில்லை என்று நாயகம் கடிந்துகொண்டு, அவருடைய கபர் எங்கே என்று கேட்டுச் சென்று, அங்கு நின்று அவருக்காகத் தொழுதார்கள். புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக வந்துள்ள செய்தி இது. தோழர்கள் இதனை ஒரு சிறிய விஷயமாகக் கருதிவிட்டனர் என்ற குறிப்பும் அதிற் காணப்படுகின்றது. இரவில் அவசரமாக நிகழ்ந்த அடக்கம், அறிவிக்கப்படாத இறப்பு, கூட்டத்தில் ஒருவர் குறைந்ததை உணராத ஜமாஅத்: நம் ஈராண்டுகளையும் இதில் அப்படியே காண்கின்றோம். நாயகம் அதனை அப்படியே விட்டுவிடவில்லை. காலங்கடந்தும் கேட்டார்கள், காலங்கடந்தும் சென்றார்கள்.

நாம் கேட்டோமா? பிறரைச் சுட்டுமுன் எளியேன் என் குறையைக் கூறிவிடுகின்றேன்.

எங்கள் பள்ளியில் முன்வரிசையின் வலப்பக்கத் தூணருகே எப்போதும் ஒரு முதியவர் நிற்பார். சிறிய லேத் பட்டறை வைத்திருந்தவர். ஆலைகளுக்கு உதிரிப் பாகம் கடைந்து கொடுத்து வந்தார். எவ்வளவு தேய்த்தாலும் போகாத எண்ணெய்க் கறை அவர் விரல் நகங்களில் இருக்கும். வெள்ளிதோறும் சட்டைப் பையிலிருந்து சிறு அத்தர்க் குப்பியை எடுத்து, அருகில் நிற்போர் புறங்கையில் ஒரு துளி தடவுவார். 2021 அக்டோபர் 15-இல் மீண்டும் ஜுமுஆ நடந்தபோது அத்தூணருகே வேறொருவர் நின்றார். எளியேன் மிம்பரில் நின்று நன்றி செலுத்துதலைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தேன். தூணை நோக்கவில்லை. அடுத்த ஆண்டு ரமளானில், தராவீஹ் முடிந்த ஓரிரவு, இளைஞன் ஒருவன் வந்து நின்று, “ஹஜ்ரத், தூண் பக்கம் நிற்பாரே, அவர் என் அத்தா” என்றான். முதியவர் 2021 மே திங்களிலேயே மரித்துப் பதினொரு திங்கள் ஆகியிருந்தன. புறங்கையில் அத்தர் தடவியவர் இல்லை என்பதை என் மூக்குகூட எனக்கு உணர்த்தவில்லை.

அவன் கொண்டுவந்தது ஒரு சட்டைப்பைக் குறிப்பேடு. கடைசி ஏடுகளில் இரண்டு பத்திகள்: தரவேண்டியது, வரவேண்டியது. பெயர்கள் முழுமையாக இல்லை. ‘டூல் கடை 11,500’, ‘மண்ணூர்பேட்டை டீ 640’, ‘கொரட்டூர் பழைய இரும்பு பாய் 4,200’ என இவ்வாறு பதினாறு இனங்கள். இவற்றை எப்படித் தீர்ப்பது, ஆளை எங்ஙனம் கண்டுபிடிப்பது என்பதே அவன் கேள்வி. ஓர் ஏட்டை மட்டும் மடித்து வைத்திருந்தான். பிரிக்கச் சொன்னேன். வரவேண்டிய பத்தியில் ‘ஹஜ்ரத் 500’ என்றிருந்தது. 2019-இல், பள்ளிக்கு வந்த வழிப்போக்கர் ஒருவருக்கு உதவ அவரிடம் கைமாற்றாக வாங்கிய தொகை. வாங்கியதும் மறந்துபோனேன். அவரோ, கேளாமலே எழுதி வைத்திருக்கின்றார். திருமறையின் மிக நீண்ட வசனம் தொழுகையைப் பற்றியதன்று. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது என்று எத்தனையோ முறை மேடையிற் கூறியிருக்கின்றேன். அதன்படி நடந்தவர் பட்டறைக்காரர்.

தொற்றினால் இறந்தோருக்குத் தியாகியின் நற்கூலி உண்டு என்று அந்நாட்களில் நாம் ஆறுதல் கூறினோம். கொள்ளை நோயில் மரிப்பவர் ஷஹீத் என்ற நபிமொழி ஆதாரபூர்வமானது, அவ்வாறுதல் பொய்யன்று. ஆனால் முஸ்லிம் தொகுப்பிலுள்ள மற்றொரு நபிமொழியை நாம் அதனோடு சேர்த்துச் சொல்லவில்லை. ஷஹீதுக்கு அனைத்தும் மன்னிக்கப்படும், கடனைத் தவிர, என்பது அதன் கருத்து. போர்க்களத்தில் உயிர்நீத்தவருக்கே கடன் நிற்குமெனில், மருத்துவமனைக் கட்டிலில் மூச்சுத் திணறி இறந்தவருக்கு அது எங்ஙனம் நீங்கும்? இறைநம்பிக்கையாளரின் ஆன்மா அவர் கடனோடு பிணைக்கப்பட்டுக் கிடக்கின்றது என்ற செய்தியும் திர்மிதீயில் உண்டு. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, இவருக்குக் கடன் உண்டா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டு, உண்டு எனவும், அதைத் தீர்க்கப் பொருள் இல்லை எனவும் அறிந்து, தாம் தொழுவிக்காமல் பிறரைத் தொழுமாறு பணித்தார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அக்கடனை ஏற்றபின்னரே முன்சென்று தொழுவித்தார்கள். கடன் இரண்டு தீனார் என்றும் மூன்று தீனார் என்றும் இரு அறிவிப்புகள். அதனோடு விடவுமில்லை, பின்னர் அபூகதாதாவைக் கண்டபோது அக்கடன் என்னவாயிற்று என்று மீண்டும் விசாரித்தார்கள். நேற்றுத்தானே இறந்தார் என்றார் அவர். மறுநாள், தீர்த்துவிட்டேன் என்று அவர் கூறியபிறகே நாயகத்தின் உள்ளம் அமைதி கொண்டது. நம் பள்ளிவாசல்களில் ஒலிக்கும் அரை நிமிட அறிவிப்பின் வேர் இங்கேதான் இருக்கின்றது.

இனி, ஒரு கொள்ளை நோய் முடிந்தபின் நம் முன்னோர் யாது செய்தனர் என்பதைக் காண்போம். ஹிஜ்ரீ 18, அதாவது கி.பி. 639-இல், பாலஸ்தீனத்து அம்வாஸ் என்னும் ஊரிற் தோன்றிய கொள்ளை நோய் ஷாம் நாடெங்கும் பரவியது. அபூஉபைதா, முஆத் இப்னு ஜபல், யஸீத் இப்னு அபீஸுஃப்யான் (ரலி) போன்ற பெருந்தலைவர்கள் மாண்டனர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் எல்லையிலுள்ள ஸர்ஃகு என்னுமிடத்திலிருந்து திரும்பிச் சென்றதும், இறைவிதியினின்று ஓடுகிறீர்களா என்று கேட்ட அபூஉபைதாவுக்கு, ஒரு விதியினின்று மற்றொரு விதிக்கே செல்கின்றோம் என்று மறுமொழி தந்ததும் யாவரும் அறிந்ததே. ஊரடங்கு நாட்களில் இதனைச் சொல்லாத மேடை இல்லை. எழுதாத ஏடு இல்லை. ஆனால் உமர் மீண்டும் சென்றதை நாம் சொல்லவில்லை. நோய் தணிந்தபின் அவர்கள் ஷாமுக்குப் புறப்பட்டார்கள். எதற்காக? மாண்டவர்களின் சொத்துக்கள் வாரிசுரிமை வகுக்கப்படாமல் வீணாகின்றன, அவற்றைப் பங்கிடுவதே முதல் வேலை என்று கூறிச் சென்றதாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகின்றார். படைகளின் நிலையைச் சீர்செய்தார்கள். மாண்ட ஆளுநருக்கு மாற்று ஆளுநரை அமர்த்தினார்கள். உயிரோடிருந்த வாரிசுகளைத் தேடி அவரவர் பங்கை ஒப்படைத்தார்கள். ஊரடங்கு தொடங்கியபோது நமக்கு வழிகாட்டிய உமரை, அது முடிந்தபோது நாம் துணைக்கு அழைக்கவில்லை.

இந்தப் பங்கீடு எளிதானதன்று. ஒருவர் பின் ஒருவராக இறக்கும்போது கணக்குச் சிக்கலாகும். தந்தை இறந்து சொத்துப் பிரியுமுன் மகன் இறந்தால், மகனுக்குச் சேரவேண்டிய பங்கு மகனுடைய வாரிசுகளுக்குச் செல்லும். இதனை ஃபிக்ஹு நூல்களில் முனாஸகா என்பர். மத்ரஸாவில் மாணவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் பாடம். 2021 மே திங்களில் பல இல்லங்களில் அந்தப் பாடமே நிகழ்ந்தது. கணவர் திங்களன்று, மனைவி வியாழனன்று. இவ்விடத்தில் யார் முன், யார் பின் என்பது அற்பச் செய்தியன்று. கணவர் முந்தி இறந்திருப்பின், பிள்ளைகள் உள்ள நிலையில், அவர் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. அப்பங்கு மனைவியின் சொத்தாகி, பிள்ளைகளோடு, உயிரோடிருந்தால் மனைவியின் தாய் தந்தையருக்கும் போய்ச் சேரும். முன்பின் அறியவே இயலாவிடின் ஒருவர்க்கொருவர் வாரிசாகார். உயிரோடுள்ள வாரிசுகளே இருவர் சொத்தையும் அடைவர். ஆகவே இறப்புச் சான்றிதழையும் மருத்துவமனைப் பதிவையும் பத்திரமாக வைத்திருங்கள். மாமியார் வீட்டாருக்கு ஏன் பங்கு தரவேண்டும் என்று முணுமுணுப்போர், அது தங்கள் பணமன்று என்பதை உணர வேண்டும்.

மற்றொன்று. வங்கிக் கணக்கில் நியமனதாரர், அதாவது நாமினி, என்று எவர் பெயர் எழுதப்பட்டிருக்கின்றதோ அவரே முழு உரிமையாளர் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. தம்பியின் கணக்கில் அண்ணன் நியமனதாரராயிருந்து, தம்பி இறந்தபின் முழுத் தொகையையும் எடுத்துக்கொண்டு, விதவைக்கு அவ்வப்போது ‘உதவி’ செய்யும் தருமவான்களைக் காண்கின்றோம். மார்க்கத்தில் நியமனதாரர் வெறும் கைமாற்றுபவர். அத்தொகை அவரிடம் அமானிதம். நாட்டுச் சட்டமும் அவ்வாறே கூறுகின்றது: வங்கி வைப்புத் தொகையில் நியமனதாரர் பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டுமே உடையவர், உடைமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்துள்ளது. பள்ளிவாசலும் நீதிமன்றமும் ஒருமித்துச் சொல்லும் ஒன்றைக்கூட நாம் கேளோமெனில் எதைத்தான் கேட்போம்?

விதவைக்கு மஹர் நிலுவை இருப்பின் அதுவும் கடனே. கணவர் சொத்தைப் பிரிக்குமுன் அடக்கச் செலவுக்குப்பின் முதலில் தீர்க்கவேண்டிய இனத்தில் அது அடங்கும். மரண சாசனமும், அதுவும் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல், அதன் பின்னரே. பங்கீடு எல்லாவற்றிற்கும் இறுதியில். நிஸா அத்தியாயத்தின் 11, 12-ஆம் வசனங்களில் சாசனமும் கடனும் தீர்ந்த பின்னரே பங்கு என்பது நான்கு முறை திரும்பத் திரும்ப வருகின்றது. நம் வீடுகளில் முதலில் நிகழ்வது பங்கீடு. கடன் நினைவுக்கு வருவது கடன் கொடுத்தவர் கதவைத் தட்டும்போது.

அநாதைகளின் பொருளைக் குறித்து மிகுதியாக எழுத வேண்டுவதில்லை. தாய் தந்தை இருவரையும் தொற்றிற் பறிகொடுத்த குழந்தைகளின் பெயரில் 5 லட்ச ரூபாய் வைப்புத் தொகை எனவும், ஒருவரை இழந்த குடும்பத்துக்கு 3 லட்சம் எனவும் தமிழக அரசு 2021 மே 29-இல் அறிவித்தது. இறப்பு ஒன்றுக்கு 50,000 ரூபாய் கருணைத் தொகை உச்ச நீதிமன்றத்தின் ஆணையால் அவ்வாண்டே கிடைத்தது. இவை கைக்கு வந்த வீடுகளில், பிள்ளையின் பணம் பிள்ளைக்காகவே செலவாகின்றதா என்று ஜமாஅத்தார் மெல்ல விசாரித்தல் தவறன்று. அநாதையின் பொருளை அநியாயமாக உண்போர் வயிற்றில் நெருப்பை நிரப்புகின்றனர் என்ற எச்சரிக்கை அதே நிஸா அத்தியாயத்தில்தான் இருக்கின்றது.

இவ்வளவும் இருக்க, இறந்தோரின் கடனை நாம் விசாரித்தால் வீண் வழக்குகள் கிளம்பாவோ, இல்லாத கடனைச் சொல்லிச் சிலர் வரமாட்டாரோ என்று முத்தவல்லி ஒருவர் எளியேனிடம் கேட்டார். நியாயமான அச்சம். ஆதாரமோ சாட்சியோ இன்றி உரிமை கோருவோருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஷரீஅத் கூறவில்லை. ஆயினும் பெருந்தொற்றுக் காலத்தில் நம் மக்கள் எத்தகையோர் என்பதையும் நாம் கண்டிருக்கின்றோம். 2020 ஏப்ரலில், தொற்றினால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியதும், நள்ளிரவில் அவருடைய நண்பரான மற்றொரு மருத்துவர் பாடிக்கு அணித்தேயுள்ள அண்ணா நகர் வேலங்காட்டில் தம் கைகளால் மண்தள்ளி மூட நேர்ந்ததும் இந்நகரின் தலைகுனிவு. அந்நகரிலேயேதான் நம் இளைஞர்கள் எம்மதத்தார் ஆயினும் அவரவர் முறைப்படி அடக்கியும் எரியூட்டியும் கொடுத்தனர். கூலி கேளாமல், பெயர் கேளாமல். இரண்டும் நாமே. கேட்டுப் பார்த்தாலன்றோ எது வரும் என்று தெரியும்?

நாங்கள் கேட்டுப் பார்த்தோம். அந்த இளைஞனின் ஒப்புதலோடு, ரமளானின் அடுத்த வெள்ளியன்று, இகாமத்துக்கு முன், பதினொரு திங்கள் தாமதமாக அவ்வறிவிப்பைச் செய்தேன். முதலில் என் 500 ரூபாயைக் கூறினேன், தொண்டை அடைத்தது. பின்னர் அவர் பெயரைச் சொல்லி, கடன் இருப்போர் தொழுகைக்குப்பின் மகனைக் காணலாம் என்றேன். பள்ளியில் ஒரு சலசலப்பு. அவர் மவுத்தாகிவிட்டாரா என்று பலர் அப்போதுதான் ஒருவரையொருவர் கேட்டனர். தொழுகை முடிந்ததும் நால்வர் வந்தனர். இருவர் தங்களுக்கு வரவேண்டியதைக் கூறினர், குறிப்பேட்டோடு ஒத்திருந்தது. மூன்றாமவர், அதே டூல் கடைக்காரர், பாதியை விட்டுக்கொடுத்து, மீதியை மூன்று தவணையிற் பெற்றுக்கொள்ளச் சம்மதித்தார். நான்காமவர் குறிப்பேட்டில் இல்லை. 2020-இல் பட்டறை பூட்டிக் கிடந்தபோது முதியவர் தமக்கு 6,000 ரூபாய் கைமாற்றுக் கொடுத்ததாகவும், இதுநாள்வரை யாரிடம் திருப்பித் தருவதெனத் தெரியாமல் வெட்கத்தால் வீட்டுப்பக்கம் போகவில்லை என்றும் கூறி, பையிலிருந்து பணத்தை எடுத்து வைத்தார். அதை முதியவர் ஏன் எழுதவில்லை? மறந்தாரா, எழுதாமலே விட்டாரா? அறிவதற்கில்லை. அன்றிரவு நாங்கள் சிலர் சென்று அவர் கபரருகே நின்று துஆச் செய்தோம்.

அதன்பின், இறந்தோரின் பெயர்களை ஒவ்வொன்றாக அவர்தம் குடும்பத்தாரின் சம்மதத்தோடு வெள்ளிதோறும் அறிவித்து வருகின்றோம். தொகைகளை மேடையிற் கூறுவதில்லை. அது இறந்தவரின் மானம். கோரிக்கைகளை முத்தவல்லி ஒரு தனிப்பதிவில் எழுதிப் பூட்டி வைக்கின்றார். பள்ளிக்கு வராத பெண்டிரிடம், இத்தா முடிந்து பல திங்களாகியும் எவரும் கேளாத விதவைகளிடம், இமாமின் துணைவியார் சென்று விசாரிக்கின்றார். அதில் வெளிவந்தவையே அதிகம்: நகைக்கடனில் மூழ்கிய மஹர் நகை, மருத்துவமனைக் கட்டணத்துக்கு அண்டை வீட்டார் கொடுத்த தொகை, ஊருக்குத் திரும்பிப்போன வடநாட்டுத் தொழிலாளிக்குத் தராமல் நின்ற இரண்டு வாரக் கூலி. தீர்க்க வழியற்ற வீடுகளுக்கு ஜமாஅத் நிதியிலிருந்து கொடுக்கின்றோம். பொருள் பெருகிய காலத்தில், கடனோடு இறப்போரின் கடன் தம் பொறுப்பு என்று நாயகம் (ஸல்) ஏற்றுக்கொண்டார்கள் அல்லவா? கடன் கொடுத்தவரே வறியவராயிருந்தால் அவருக்கு முதலில். பட்டவர் உயிரோடிருந்து தவிப்பவராயின் அவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் பகரா அத்தியாயத்து 280-ஆம் வசனத்தைக் கடன் கொடுத்தோர்க்கு நினைவூட்டுகின்றோம். சிலர் கேட்கின்றனர், சிலர் கேட்பதில்லை.

2023 மே 5, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை, கொரோனா இனி உலகளாவிய சுகாதார நெருக்கடி அன்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தமிழகத்தில் மட்டும் பதிவான இறப்புகள் 38,000-க்கும் மேல். அவர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு இருந்திருக்கும், எழுதியதோ, எழுதாததோ. பிற ஊர் ஜமாஅத்தார் எவரேனும் இவ்வழியைக் கைக்கொள்ள விரும்பின், ஒரு வெள்ளியில் ஒரு பெயர் போதும். இத்தனை ஆண்டுகள் கழித்தா என்று தயங்க வேண்டாம். உஹதுப் போரில் மாண்டோருக்கு நாயகம் எட்டு ஆண்டுகள் கழித்தும் தொழுது துஆச் செய்ததாகப் புகாரீயில் வருகின்றது.

அந்த லேத் பட்டறை முதியவரின் குறிப்பேட்டில் பதினைந்து இனங்கள் தீர்ந்துவிட்டன. ஒன்று மட்டும் நிற்கின்றது: கொரட்டூர் பழைய இரும்பு பாய், 4,200. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் பழைய இரும்பு வாங்குவோர் பலரிடம் விசாரித்தாயிற்று. எவரும் தாமென்று கூறவில்லை. ஆள் அகப்படாவிடின் அவர் பெயரால் தருமம் செய்துவிடலாம், பின்னர் அவர் வந்து கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது ஃபிக்ஹு. மகனுக்கு மனம் வரவில்லை. இன்னும் சில காலம் தேடுவோம் என்கின்றான். தொகை உறையிலிட்டு முத்தவல்லியின் பெட்டியில் இருக்கின்றது. இதனைப் படிப்போரில் அவர் இருப்பின், அல்லது அவரை அறிந்தோர் எவரேனும் இருப்பின், எந்த வெள்ளியன்றும் ஜுமுஆவுக்குப்பின் பாடிப் பக்கம் வந்து விசாரிக்கலாம்.